ஹேஷ்மேப்பில் கீயாக வைக்க ஒரு ஐடி கிளாஸ் எழுதுவது எப்படி

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பார்க்கிங் மென்பொருள் எழுதினோம். மாதப் பாஸ் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரு ஹேஷ்மேப்பில், அதாவது ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவை உடனே எடுத்துத் தரும் அட்டவணையில். கீ வண்டி எண், வேல்யூ பாஸ் விவரம். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துத் தரும், மேப்பில் தேடுவோம், இருந்தால் தடுப்புக் கம்பி மேலே போகும். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலை ஒருவருக்கு மட்டும் கம்பி ஏறவில்லை, பின்னால் எட்டுப் பத்து வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, காவலாளி போனில் கத்துகிறார். லாகைத் திறந்தால் மேப்பில் அந்த எண் இருக்கிறது, கேமரா தந்த எண்ணும் அதேதான், எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால் மேப்பின் கெட் மெத்தடைக் கூப்பிட்டால் நல், அதாவது ஒன்றுமில்லை என்ற பதில். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: பாஸ் போட்டவர் எண்ணை அடித்துவிட்டுக் கடைசியில் ஸ்பேஸ் பாரையும் ஒரு தட்டு தட்டியிருக்கிறார்.

உடனே பாஸ் பதியும் இடத்தில் ஒரு ட்ரிம் (ஓரத்து ஸ்பேஸ்களை வெட்டுவது) போட்டோம். அடுத்த வாரம் நடுவில் ஹைஃபன் வந்தது, ஒரு ரிப்ளேஸ். அப்புறம் யாரோ சின்ன எழுத்தில் அடித்தார்கள், ஒரு அப்பர்கேஸ். இப்படி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, கோடு முழுக்க ஒரே சலவை வேலை பத்துப் பன்னிரண்டு இடங்களில். அதில் ஒரு இடத்தில் மறந்தாலும் மறுபடி ஹாரன்.

முதல் நாளே செய்திருக்க வேண்டியது, வாகனஎண் என்று ஒரு தனி கிளாஸ். அதை எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே விஷயம். ஜாவாவை வைத்துச் சொல்கிறேன், எனக்குக் கை பழகியது அது. (ஜாவாவில் கிளாஸ் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். கூட வேலை செய்பவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு கதை.)

முதலில் ஒரு தாளை எடுங்கள். ஹேஷ்கோட் (கீயிலிருந்து கணக்கிடும் ஒரு எண்), பக்கெட் (அந்த எண்ணைப் பார்த்து மேப் கீயைப் போடும் அறை) எல்லாம் அப்புறம். எழுத வேண்டிய கேள்வி இது: எந்தெந்த எழுத்து வடிவங்கள் ஒரே வண்டியைக் குறிக்கின்றன? இதற்கு ஜாவா பதில் சொல்லாது, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். இடைவெளி, ஹைஃபன், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, இதெல்லாம் பொருட்டில்லை. 'டிஎன் 9' என்று அடித்தால் அது 'டிஎன் 09' தானா? ஆமாம். கடைசி எண் 7 என்றும் 0007 என்றும் வருமா? இரண்டும் வரும், ஒரே வண்டிதான். அப்படியானால் நாலு இலக்கமாக முன்னால் பூஜ்யம் நிரப்பி வைத்துக்கொள்வது என்று முடிவு. இந்த மாதிரி நாலைந்து முடிவுகள்தான் உங்கள் கிளாஸின் உயிர். மற்றதெல்லாம் நிரல் எழுதும் கருவியான ஐடிஇயே எழுதித் தரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எது எதற்குச் சமம் என்பதில் கறாராக இருங்கள், ஆனால் எது செல்லுபடியாகும் என்பதில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, மாவட்டத்துக்கு இரண்டு இலக்கம் என்று ஒரு ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரம்) எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தோம். 2021-ல் பாரத் சீரிஸ் வந்தது; அதில் மாநில எழுத்தே கிடையாது, முதலில் வருஷத்தின் இரண்டு இலக்கம், அப்புறம் பிஹெச், அப்புறம் நாலு இலக்கம், எழுத்து கடைசியில். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர் வந்தால் மூன்று எழுத்தும் ஒரு எண்ணும்தான் இருக்கும். ரெகெக்ஸ் ஏற்காத வண்டி, வண்டி இல்லை என்று ஆகிவிடாது. காலியாக இருக்கக் கூடாது, நல் கூடாது, நீளம் ஒரு எல்லைக்குள் இருக்க வேண்டும். என் கணக்கில் இவ்வளவு போதும்.

இன்னொரு ஆசை வரும், கேமரா பூஜ்யத்தை ஓ என்று படித்துத் தொலைக்கிறதே, அதனால் ஒன்றிரண்டு எழுத்து மாறியிருந்தாலும் சமம் என்று, இரண்டு கீயும் ஒன்றா என்று சொல்லும் ஈக்வல்ஸ் மெத்தடில் போட்டுவிடலாமே என்று. கூடவே கூடாது. அ-வும் ஆ-வும் ஓரெழுத்து வித்தியாசத்தில் சமம், ஆ-வும் இ-யும் அதே மாதிரி சமம், ஆனால் அ-வுக்கும் இ-க்கும் இரண்டெழுத்து வித்தியாசம், சமமில்லை என்று வந்து நிற்கும். ஈக்வல்ஸின் விதிகளில் ஒன்று இப்படிச் சங்கிலி அறுபடக் கூடாது என்பது. தவிர, சமமான இரண்டுக்கும் ஒரே ஹேஷ்கோட் வர வேண்டும். இப்படிப்பட்ட கிட்டத்தட்டச் சமத்துக்கு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத் திருப்பித் தந்தால்தான் உண்டு. கிட்டத்தட்டத் தேடுவது தேவையான வேலைதான், ஆனால் அது வேறு மெத்தட்: நேராகத் தேடு, கிடைக்கவில்லையா, நெருக்கமானவற்றைப் பட்டியல் போட்டுக் காவலாளியிடம் காட்டு, அவர் பிளேட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

சரி, முடிவுகள் ஆயிற்று. அவை எல்லாம் போய் உட்கார வேண்டிய ஒரே இடம் கன்ஸ்ட்ரக்டர், ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி. வெளியிலிருந்து எந்த வடிவத்தில் ஸ்ட்ரிங் வந்தாலும் உள்ளே நுழையும்போதே குளித்து, உடை மாற்றி, ஒரே வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். ஈக்வல்ஸ் கூப்பிடும்போதெல்லாம் அப்பர்கேஸ் செய்து ஒப்பிடுவது என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஹேஷ்கோடிலும் அதே சலவையை அப்படியே செய்தாக வேண்டும், ஒரு நாள் ஒன்றில் மாற்றி இன்னொன்றில் மறப்பீர்கள்.

சலவை செய்யும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. ட்ரிம் போட்டால் போதும் என்று நினைப்போம், ஆனால் எக்செல்லிலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ காப்பி பண்ணும்போது வரி உடையாத ஸ்பேஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பார்க்க சாதா ஸ்பேஸ் மாதிரியே இருக்கும், ட்ரிம் அதைத் தொடாது, ஜாவா 11-ல் வந்த ஸ்ட்ரிப்பும் தொடாது. அதனால் வேண்டாததைத் தேடித்தேடிக் கழிக்காதீர்கள், வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுங்கள்: ஏ முதல் இசட் வரை, 0 முதல் 9 வரை, மற்றதெல்லாம் குப்பை. பெரிய எழுத்தாக மாற்றும்போது லொகேல் ரூட்டைச் (எந்த நாட்டு மொழியையும் சாராத அமைப்பு) சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அந்த மெஷினின் மொழி அமைப்பைப் பார்த்து மாற்றும். துருக்கி அமைப்பில் சின்ன ஐ, தலையில் புள்ளி வைத்த பெரிய ஐ ஆகிவிடும். நம்மூர் சர்வரில் எதற்குத் துருக்கி என்று கேட்காதீர்கள், ஒரு வார்த்தை கூட எழுதுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது.

கீயில் தமிழ் வருகிறது என்றால் கதையே வேறு. பார்க்கிங் இடத்தின் பெயரைக் கீயாக வைத்தோம், கொடைக்கானல் என்று ஒன்று. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது க-வுக்குப் பின் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றின் நீளம் 2, இன்னொன்றின் நீளம் 3, ஈக்வல்ஸ் பொய் என்று சொல்லும். இதற்கு ஜாவாவில் நார்மலைசர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் முறை) ஓட்டினால் இரண்டும் முதல் வடிவத்துக்கு வந்துவிடும். கன்ஸ்ட்ரக்டரில் முதல் வரியாகப் போடுங்கள். ஆனால் 'ஔ' என்ற எழுத்துக்குப் பதில் ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் அடிப்பவர்களை நார்மலைசர் காப்பாற்றாது, யூனிகோடைப் பொறுத்தவரை அவை நிஜமாகவே வேறு எழுத்துகள். அப்புறம், மேலே சொன்ன பொறுக்கி எடுக்கும் வித்தையைத் தமிழில் செய்யும்போது 'எழுத்தா?' என்று கேட்கும் ஜாவா மெத்தடை மட்டும் நம்பி இறங்கிவிடாதீர்கள். அதற்குப் புள்ளியும் எழுத்தில்லை, கொம்பும் காலும் எழுத்தில்லை. கொடைக்கானலைக் கொடுத்தால் 'கடககனல' என்று திருப்பித் தரும்.

உள்ளே வந்த பிறகு எதுவும் மாறக் கூடாது. ஃபீல்டு ஃபைனல் (ஒரு தடவை வைத்தால் மாற்ற முடியாது), செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) கிடையாது, கிளாஸும் ஃபைனல் (அதிலிருந்து வேறு கிளாஸ் கிளைக்க முடியாது). ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் மறக்காது. புதிதாக உருவான ஹேஷ்மேப்பில் முதல் கீயைப் போடும்போது 16 பக்கெட்கள். உங்கள் கீயில் ஒரே ஒரு முழு எண் ஃபீல்டு, மதிப்பு 5, ஹேஷ்கோடும் அதுவே என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-ஆம் பக்கெட்டில் போய் உட்காரும், கூடவே 5 என்ற ஹேஷையும் மேப் தன்னிடம் குறித்து வைத்துக்கொள்ளும். இப்போது யாரோ அந்தக் கீயை எடுத்து 6 என்று மாற்றிவிடுகிறார்கள். 6 என்று தேடினால் மேப் 6-ஆம் பக்கெட்டுக்குப் போகிறது, அங்கே யாரும் இல்லை. சரி, பழையபடி 5 என்று தேடுவோம். 5-ஆம் பக்கெட்டுக்குப் போகிறது, குறித்து வைத்த ஹேஷும் பொருந்துகிறது, ஈக்வல்ஸ் கேட்டால் உள்ளே இருப்பதோ 6, பொருந்தவில்லை. பழைய எண்ணைக் கேட்டாலும் இல்லை, புதிய எண்ணைக் கேட்டாலும் இல்லை. ஆனால் ஃபார் லூப் போட்டால் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வரும், சைஸிலும் ஒன்றாக எண்ணப்படும், ரிமூவ் செய்தால் போகாது. மேப் வளர்ந்து பக்கெட்கள் இரட்டிப்பானாலும் சரியாகாது, ஏனென்றால் ஜாவா அப்போதும் முதலில் குறித்து வைத்த ஹேஷைத்தான் பார்க்கும்.

ஜேபிஏ எண்டிட்டியை, அதாவது டேட்டாபேஸ் வரிசையைக் குறிக்கும் ஆப்ஜெக்டையே, செட்டில் போடுபவர்கள் மாட்டுவதும் இதே குழியில்தான். சேமிக்கும் முன் ஐடி நல், சேமித்த பின் டேட்டாபேஸ் ஒரு எண் தருகிறது, ஐடியை வைத்து ஹேஷ்கோட் எழுதியிருந்தால் செட்டுக்குள் இருக்கும்போதே ஆள் மாறிவிட்டார்.

இப்போது கிளாஸை எழுதுவோம். ஜாவா 16 அல்லது அதற்கு மேல் என்றால் ரெக்கார்டு (மதிப்புகளை மட்டும் வைத்திருக்கும் சுருக்கமான கிளாஸ்) எழுதிவிடுங்கள், ஒரே ஃபீல்டு, சுருக்கக் கன்ஸ்ட்ரக்டருக்குள் சலவை, முடிந்தது. ஈக்வல்ஸ், ஹேஷ்கோட், டூஸ்ட்ரிங் மூன்றும் தானாக வந்துவிடும். பயனர் அடித்த மூல வடிவத்தையும் கூடவே வைத்துக்கொள்வோம், ரசீதில் காட்ட உதவும் என்று இரண்டாவது ஃபீல்டாகச் சேர்த்துவிடாதீர்கள், அது உடனே ஈக்வல்ஸிலும் நுழைந்துவிடும், மறுபடி கடைசி ஸ்பேஸ் கதைதான். மூல வடிவம் வேண்டுமென்றால் பாஸ் விவரத்தில் வையுங்கள். அரேயையும் ரெக்கார்டு ஃபீல்டாக வைக்காதீர்கள். உள்ளே இருப்பது ஒன்றே ஆனாலும் இரண்டு அரேக்கள் சமமாகாது.

பழைய ஜாவாவில் சிக்கியிருந்தால் கையால்தான் எழுத வேண்டும். அங்கே பெரும்பாலும் நடக்கும் தப்பு, ஈக்வல்ஸின் பாராமீட்டரை ஆப்ஜெக்ட் என்று போடாமல் வாகனஎண் என்று போடுவது. பார்க்க அதுதான் சரி மாதிரி இருக்கும், கம்பைலும் ஆகும், நீங்களே நேரடியாகக் கூப்பிட்டு டெஸ்ட் செய்தால் பாஸும் ஆகும். ஆனால் ஹேஷ்மேப் கூப்பிடுவது ஆப்ஜெக்ட் வாங்கும் ஈக்வல்ஸை. அது அப்பன் வீட்டுப் பழைய மெத்தட், இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும் பார்க்கும். மேலே ஓவர்ரைடு குறியைப் போட்டால் கம்பைலரே காதைப் பிடித்துத் திருகும். ஈக்வல்ஸ் எழுதிவிட்டு ஹேஷ்கோடை விட்டுவிடுவதும் இதே மாதிரித் தப்புதான், சமமான இரண்டு கீகளும் ஆளுக்கொரு பக்கெட்டில் போய் உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது.

ஹேஷ்கோட் பற்றி நிறையப் பேர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். இரண்டு வேறு கீகளுக்கு ஒரே ஹேஷ் வந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது, கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஜாவா ஸ்ட்ரிங்கின் ஹேஷ் கணக்கு எளிது: இதுவரை வந்ததை 31-ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் யூனிகோடு எண்ணைக் கூட்டு. 'அழ' என்பதைப் போட்டுப் பார்ப்போம். அ 2949, ழ 2996. 2949 பெருக்கல் 31, கூட்டல் 2996, ஆக 94415. அட, இந்த 'ஆக'வையே போட்டுப் பார்ப்போமா? ஆ 2950, க 2965. 2950 பெருக்கல் 31, கூட்டல் 2965, அதுவும் 94415. யூனிகோடில் க-வுக்குச் சரியாக 31 இடம் தள்ளி ழ உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான். 'எழ', 'ஏக' இரண்டும் இதே போல் மோதும். இந்த ஜோடிகளை அடுக்கிக்கொண்டே போனால் மோதல் இரண்டு, நாலு, எட்டு என்று பெருகும். 'அழஅழ', 'அழஆக', 'ஆகஅழ', 'ஆகஆக' நாலுக்கும் ஒரே ஹேஷ். இப்படி வேண்டுமென்றே மோதும் கீகளை அனுப்பி சர்வரைத் திணறடிக்கலாம் என்பதை 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஒரு ஹேக்கர் மாநாட்டில் பல மொழிகளை வைத்துக் காட்டினார்கள். 2014-ல் வந்த ஜாவா 8 முதல், மேப்பில் குறைந்தது 64 பக்கெட்கள் இருக்கும் நிலையில் ஒரே பக்கெட்டில் எட்டுக்கு மேல் சேர்ந்தால் அந்தச் சங்கிலி மரமாக மாறிவிடுகிறது. கீ கம்பேரபிளாக (எது முன்னால், எது பின்னால் என்று ஒப்பிடக்கூடியதாக) இருந்தால் மரத்தில் தேடுவது இன்னும் வேகம். வெளியார் அடிக்கும் எழுத்து கீயாக வருகிறது என்றால் கம்பேரபிளையும் எழுதிவிடுங்கள், நாலு வரி.

கவலைப்பட வேண்டிய மோதல் நாமாக வரவழைப்பது. புறப்படும் ஊர், சேரும் ஊர் என்று இரண்டு ஃபீல்டு உள்ள கீ. இரண்டின் ஹேஷையும் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு, வரிசை மாறினாலும் விடை மாறாது) செய்து விட்டுவிட்டால் சென்னையிலிருந்து மதுரைக்கும் மதுரையிலிருந்து சென்னைக்கும் ஒரே எண். பஸ் என்றால் போனது திரும்பி வரத்தான் செய்யும், ஆக ஒவ்வொரு வழித்தடத்துக்கும் கட்டாயம் ஒரு மோதல். முதல் ஹேஷை 31-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள், அல்லது ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸின் ஹேஷ் மெத்தடிடம் வரிசையாகக் கொடுத்துவிடுங்கள்.

கீக்குள் வைக்கும் ஃபீல்டின் வகையையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். துல்லியமான தசம எண்ணுக்கான பிக்டெசிமலுக்கு 2.0-வும் 2.00-வும் சமமில்லை. யூஆர்எல் கிளாஸ் இன்னும் மோசம், ஈக்வல்ஸ் கூப்பிட்டாலே அந்தப் பெயரின் ஐபி முகவரியைத் தேடி நெட்வொர்க்குக்குப் போகும், அதற்குப் பதில் யூஆர்ஐ கிளாஸை வையுங்கள். என்யூம் (குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் கொண்ட வகை) வைப்பதில் தப்பில்லை, ஆனால் அதன் ஹேஷ்கோட் ஒவ்வொரு முறை நிரலை ஓட்டும்போதும் மாறலாம். அதனால் ஹேஷ்கோடை டேட்டாபேஸில் எழுதி வைப்பது, ஹேஷ்கோடை வைத்து எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது, இந்த இரண்டு பழக்கமும் வேண்டாம்.

ஸ்ட்ரிங்கே வேண்டாம், டேட்டாபேஸ் தரும் லாங் (பெரிய முழு எண் வகை) எண்ணே போதுமே, அதற்கும் தனி கிளாஸ் வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் வேண்டும் என்பேன். பாஸ் ஐடியும் லாங், வண்டி ஐடியும் லாங் என்றால் மெத்தடில் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. லாங் கீ உள்ள மேப்பிடம் வெறும் 5 என்று கேட்டுப் பாருங்கள். அது இன்டீஜராகப் போகும், ஹேஷ் ஒன்றேதான், பக்கெட்டும் ஒன்றேதான், ஆனால் இன்டீஜரும் லாங்கும் சமமில்லை என்பதால் நல் வரும். கெட் எந்த ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் தனி கிளாஸ் எழுதினாலும் இந்த ஓட்டை முழுசாக அடைபடாது, அதனால் மேப்பை வெளியே விடாமல் உள்ளே வைத்து, வாகனஎண் மட்டும் வாங்கும் ஒரு தேடல் மெத்தடைக் கொடுங்கள்.

பைத்தான்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டேட்டாகிளாஸ் போட்டு ஃப்ரோசன் (மாற்ற முடியாதது) என்று குறித்துவிட்டால் மேலே சொன்னதில் பாதி வேலை முடிந்தது. ஈக்வல் மெத்தடை மட்டும் எழுதி ஹேஷை விட்டால் பைத்தான் அந்த ஆப்ஜெக்டை டிக்‌ஷனரியில் கீயாகச் சேர்க்கவே விடாது, பிழை வந்து நிற்கும். ஜாவாவைவிட நல்ல குணம்.

டெஸ்ட் எழுதுவது சுலபம். ஒரே எண்ணை நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய எல்லாக் கோணல் வடிவங்களிலும் எழுதி, ஒரு ஹேஷ்செட்டில் போட்டு, சைஸ் 1 தானா என்று பாருங்கள். ஹேஷ்செட் வழியாகப் பார்ப்பதுதான் முக்கியம், ஈக்வல்ஸை நேராகக் கூப்பிட்டால் பாராமீட்டர் தப்பு மறைந்துகொள்ளும்.

கடைசியாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் ஸ்ட்ரிங் கீயை எடுத்துவிட்டுப் புதுக் கீயை வைக்கும்போது பழைய மேப்பிலிருந்து லூப் போட்டு புட் செய்யாதீர்கள். பழைய மேப்பில் ஸ்பேஸோடு ஒன்று, ஸ்பேஸ் இல்லாமல் ஒன்று என்று ஒரே வண்டி இரண்டாக இருந்திருக்கும், புட் சத்தமில்லாமல் முதலாவதை அழித்துவிட்டு இரண்டாவதை எழுதும். ஸ்ட்ரீமில் கலெக்டர்ஸின் டூமேப்பைப் பயன்படுத்துங்கள், எப்படிச் சேர்ப்பது என்று எதுவும் கொடுக்காமல். ஒரே கீ இரண்டு தடவை வந்தால் அங்கேயே எக்ஸெப்ஷன் எறிந்து நின்றுவிடும். எங்களுக்கு முதல் ஓட்டத்திலேயே நின்றது. ஒருவர் கம்பி ஏறவில்லை என்று கவுண்டரில் சண்டை போட்டு, அதே மாதத்துக்கு இரண்டாவது பாஸும் பணம் கட்டி வாங்கியிருந்தார், இந்தத் தடவை ஸ்பேஸ் இல்லாமல். இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எந்தப் பணத்தைத் திருப்பித் தருவது என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு வந்துதான் மீதிக் கோடை எழுதினோம்.